முற்றத்தில் பாலை மரம் வைக்கலாமா?

கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம் அரை ஏக்கர் காணி, வீடு கட்டி முடிந்துவிட்டது, வளவு வெறுமையாகக் கிடக்கிறது. "மாவும் தென்னையும் எல்லாரும் வைக்கிறார்கள். எனக்குப் பாலை வைக்க ஆசை. சின்ன வயதில் அம்மம்மாவோடு போய்ப் பொறுக்கித் தின்ற பழம். எத்தனை வருடத்தில் காய்க்கும்? கன்று எங்கே எடுக்கலாம்? வீட்டுக்குக் கிட்ட வைக்கலாமா? எனக்குக் கொஞ்சம் விதை தர முடியுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

வைக்கலாம் தம்பி. ஆனால் முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபிக்கக் கூடாது. கொட்டையிலிருந்து வந்த பாலை பத்து வருடத்துக்கு முன் காய்க்கும் என்று எண்ண வேண்டாம். பதினைந்து ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். முதல் வருடம் ஒரு சாண் உயரம் வந்தாலே நல்ல கன்று என்பேன். மேலே ஒன்றும் நடக்காதது போல இருக்கும், கீழே ஆணிவேர் இறங்கிக்கொண்டிருக்கும். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு மாவும் எலுமிச்சையும் கொடுத்திருக்கிறேன். பாலைக்கன்று கேட்டு வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் மூன்றாம் வருடம், "ஐயா, இது வளருதே இல்லை" என்று பிடுங்கிவிட்டார்கள்.

அதனால் கன்று எங்கே எடுப்பது என்று யோசிக்கும் முன் உங்கள் காணியையே ஒருமுறை நன்றாகச் சுற்றிப் பாருங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய காணிகளில் பல அப்போது பற்றைக்காடாகக் கிடந்தவை. வெளியாக்கும்போது பெரிய மரம் போயிருக்கும், வேலி ஓரத்திலும் பழைய வேம்புக்குக் கீழும் சிறியவை தப்பியிருக்கும். பறவையும் வௌவாலும் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுவது இருக்கிற மரத்துக்குக் கீழேதான். அப்படித் தானாக முளைத்து, மாடு கடித்துக் கடித்துக் குட்டையாக நிற்கிற ஒரு பாலை உங்கள் வளவில் இருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக விரைவான மரம். முழங்கால் உயரம்தான் தெரியும், வேர் ஏழெட்டு வருடத்து வேராக இருக்கும். சுற்றிவர முள்ளுப் போட்டு, மாட்டை மறித்து, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் கோடிப்பக்கத்தில் அப்படி ஒன்று நின்றது. நான் அதை ஏதோ பற்றை என்று இரண்டு தடவை வெட்டியும் விட்டேன். மூன்றாவது தடவை வெட்டிய இடத்தில் பால் வடிவதைப் பார்த்துத்தான் உட்கார்ந்து இலையைக் கவனித்தேன். இன்றைக்கு அது வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது.

எப்படி அடையாளம் காண்பது? இலை தடிப்பு, தோல் போல இருக்கும், மேல்பக்கம் கரும்பச்சை, கீழ்ப்பக்கம் வெளிறல். வளர்ந்த இலையின் நுனி கூராக முடியாமல் உள்ளே சிறிது வெட்டுப்பட்டது போல இருக்கும். இலைகள் கொப்பின் நுனியில் நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும். கிள்ளினால் வெள்ளைப் பால். பால் மட்டும் போதாது, பால் வடிகிற மரம் எத்தனையோ இருக்கிறது. அந்த நுனி வெட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இந்தியக் காணொளிகளில் 'பாலை மரம்' என்று தேடினால் பாதி நேரம் வெட்பாலைதான் வரும். அதன் இலைகள் எதிரெதிராக இருக்கும், நீள நீளமாக இரட்டைக் காய் தொங்கும், தோல் மருந்துக்கு இலை எடுக்கிறார்களே, அது. இன்னொன்று ஏழிலைப்பாலை, கணுவுக்குக் கணு இலைகள் வட்டமாக நிற்கும் பெரிய மரம். இரண்டுமே பழ மரம் அல்ல. நம்முடைய பாலையைத் தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்பார்கள். உலக்கை செய்த மரம், பெயர் வந்ததற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீரில் போட்டால் தாழ்கிற கட்டை. ஒரு காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகவும் போனது. தாவரவியல் பெயர் மனில்காரா ஹெக்சாண்ட்ரா. இலுப்பையும் மகிழும் சப்போட்டாவும் இதே குடும்பம்.

சரி, காணியில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லாருக்கும் வருகிற யோசனை, காட்டோரத்தில் ஒரு கன்றைக் கிளப்பி வந்து நடுவது. நானும் செய்தேன். ஒரு கார்த்திகை மாதம், நல்ல மழை, மண் இளகிக் கிடந்தது. முழங்கால் உயரக் கன்று ஒன்றை அலவாங்கு போட்டுக் கிளப்பினேன். இரண்டு அடி தோண்டியும் வேர் முடியவில்லை, பொறுமை முடிந்துவிட்டது, இழுத்தேன், அறுந்தது. கொண்டுவந்து நட்டேன். மார்கழி, தை முழுக்கப் பச்சையாக நின்றது. ஊராருக்கெல்லாம் காட்டினேன். மாசிப் பனி போய் வெயில் ஏறியதும் இலை வெளிறத் தொடங்கி, பங்குனியில் சுள்ளியாகிவிட்டது. மழைக்காலத்தில் வேர் இல்லாமலும் பச்சையாக நிற்க முடியும், வெயில்தான் கணக்குக் கேட்கும். காட்டிலிருந்து கிளப்புவதால் வனத்துறையோடு வருகிற பிரச்சினை ஒரு புறம் இருக்கட்டும். பயன் இல்லை என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கொட்டை போடுவதுதான் வழி. பழக் காலம் வைகாசி தொடங்கி ஆடி வரை. அப்போது தெருவோரத்தில் சுண்டுக் கணக்கில் விற்பார்கள், காட்டுக்குள் போக வேண்டியதில்லை. மஞ்சளாக நன்றாகப் பழுத்ததை வாங்கித் தின்று கொட்டையைச் சேருங்கள். பெரும்பாலும் பழத்துக்கு ஒரு கொட்டை, மண்ணிறமாகப் பளபளவென்று இருக்கும். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் பூஞ்சணமும் வரும், ஆகவே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒருநாள் நிழலில் உலர்ந்தால் போதும். போத்தலில் போட்டு மாரிக்கு விதைக்கலாம் என்று வைக்காதீர்கள். எண்ணெய் உள்ள விதை, நாள் போகப் போக முளைப்பு விழும். அந்த வாரமே மண்ணுக்குள் போகட்டும்.

ஓடு கடினம். அதனால் முளைப்பதற்கு வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். கொட்டையின் ஒரு ஓரத்தை அரத்தாள் அல்லது சொரசொரப்பான கல்லில் இலேசாகத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் கொஞ்சம் வேகமாக வரும். பருப்பில் படும்வரை தேய்த்துவிடாதீர்கள். இருபது முப்பது கொட்டையாவது போடுங்கள். பாதி முளைத்தாலே சந்தோஷம், அதிலும் சிலதை அணில் கிளறிவிடும், மேலே ஒரு கம்பி வலையைப் போட்டு வையுங்கள்.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது பையின் ஆழம். கடையில் விற்கிற சின்னக் கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டால் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். சுருண்ட வேர் நிலத்தில் வைத்த பிறகும் நிமிராது. கன்று சாகாது, வளரவும் வளராது, அப்படியே நிற்கும். என்னுடைய இரண்டாவது தோல்வி அதுதான், கிளப்பிப் பார்த்தபோது வேர் பன்றி வால் மாதிரி இருந்தது. பழைய உரப்பையை நீளமாக வெட்டி ஒடுங்கிய குழாய் போலத் தைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை அடி ஆழம் வேண்டும். பிவிசி குழாய்த் துண்டு கிடந்தால் நெடுக்கே பிளந்து கம்பியால் கட்டியும் பாவிக்கலாம். செம்மண்ணும் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பினால் போதும். இல்லாவிட்டால் நடப்போகிற இடத்திலேயே மூன்று நான்கு கொட்டையை ஊன்றி, நிழல் கட்டி, தண்ணீர் ஊற்றி, பிறகு நல்லதை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். கோடையில் தினமும் போய்ப் பார்க்க முடியுமானால் எனக்கு இதுதான் பிடித்த முறை. வேர் ஒருபோதும் இடம் மாறுவதில்லை.

இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதில்லை. சப்போட்டா ஒட்டுக் கன்று செய்கிறவர்கள் அடிக்கட்டையாகப் பாவிப்பது அநேகமாகப் பாலைக் கன்றைத்தான். வரட்சியைத் தாங்குகிற வேர் என்பதால் இந்தியாவிலும் இலங்கையிலும் இதே வழக்கம். ஒட்டும் அளவுக்குத் தண்டு பருக்க இரண்டு வருடம் போல் ஆகும் என்பதால் நாற்றுமேடையில் எப்போதும் ஒட்டாத பாலைக் கன்றுகள் ஒரு மூலையில் நிற்கும். 'பாலைக்கன்று இருக்கா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'சப்போட்டாவுக்கு ஒட்டுகிற அடிக்கன்று ஒன்று தருவீர்களா' என்று கேளுங்கள். இரண்டு வருடம் மிச்சம். வாங்கும்போது பையின் அடியைத் தடவிப் பாருங்கள், வேர் பையைக் கிழித்து வெளியே வந்து தடித்திருந்தால் அந்தக் கன்று வேண்டாம். அப்புறம், சப்போட்டா ஒட்டு பட்டுப்போய், அடியிலிருந்து துளிர்த்ததைச் சப்போட்டா என்று நம்பித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வளவில் நிற்பது பாலை.

காய்க்கிற பாலையின் கொப்பை இளம் பாலையில் ஒட்டினால் காத்திருக்கும் காலம் குறையும். இந்தியாவில் இப்படிச் செய்கிறார்கள். சப்போட்டா ஒட்டத் தெரிந்த ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இனிப்பான மரம் ஒன்றை அடையாளம் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பாலையில் மரத்துக்கு மரம் சுவை வித்தியாசம், பழத்தின் பருமனும் வித்தியாசம். பழம் பொறுக்கப் போகிறவர்களிடம் விசாரித்தால், எந்த மரத்தைத் தேடிப் போவார்கள் என்று சொல்லுவார்கள்.

இனி இடம். வீட்டுக்குக் கிட்ட வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கிட்ட என்றால் எவ்வளவு என்பதுதான் விஷயம். இது 15 மீற்றருக்கு மேல் போகக்கூடிய, வருடம் முழுக்க இலையோடு நிற்கிற, அகலமாகக் கவிகிற மரம். சுவரிலிருந்து பத்து மீற்றராவது விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கிணற்றடியில் வேண்டாம், இலையும் பழமும் விழுந்து தண்ணீரைக் கெடுக்கும். வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு மேலே கொப்பு வருகிற மாதிரி வைத்தால் ஆனி மாதத்தில் நீங்கள் மரத்தைத் திட்டுவீர்கள், விழுந்த பழம் அப்படி ஒட்டும். வீட்டுக்குத் தென்மேற்கே, வேலியை அண்டிக் கொஞ்சம் உள்ளே என்பது என் தெரிவு. பின்னேர வெயிலும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றும் வருகிற பக்கம் அது. மரம் வளர்ந்தபின் இரண்டையும் மறித்துத் தரும்.

மண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று. வன்னிச் செம்மண், கிரவல் கலந்த மேட்டுநிலம், முல்லைத்தீவுக் கரையோர மணற்பாங்கு எல்லாவற்றிலும் பாலை நிற்கும். மாரியில் வாரக்கணக்காகத் தண்ணீர் நிற்கிற, வயலோரக் களிமண் காணி என்றால் பாலையை விட்டுவிடுங்கள், நாவலோ மருதோ வையுங்கள். எங்கள் காட்டைப் பார்த்தாலே இது தெரியும். மேட்டில் பாலை, வீரை, முதிரை. ஆற்றங்கரையில் மருது. புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் இரணைப்பாலை என்று ஊரே இருக்கிறது. இரணைமடுவில் இருக்கிற அதே இரணைதான், இரட்டை.

நடுவது ஐப்பசி கடைசி அல்லது கார்த்திகை, மண் ஆழமாக நனைந்த பிறகு. இரண்டரை அடிக் குழி, ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிண்டியெடுத்த மேல்மண்ணோடு இரண்டு மூன்று கூடை உக்கிய எரு. கிரவல் இறுகிக் கிடந்தால் குழியின் அடியை அலவாங்கால் குத்தி உடைத்துவிடுங்கள், ஆணிவேருக்கு அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. பையை அறுத்து எடுக்கும்போது மண் உடையக் கூடாது. பசளை, யூரியா ஒன்றும் தேவையில்லை.

மரம் தப்புமா இல்லையா என்பது நட்ட அன்று முடிவாவதில்லை, முதல் இரண்டு சோளகத்தில்தான் முடிவாகும். எங்கள் பகுதிக்கு வருடத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் ஒரு சில மழை. பிறகு வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அந்தக் காய்ந்த காற்று. வளர்ந்த பாலைக்கு அது பொருட்டே அல்ல, அந்தக் காற்றுக்குள்தான் அது பழுக்கிறது. ஆனால் ஒன்றரை அடிக் கன்றுக்கு இலை வழியாகத் தண்ணீர் போகிற வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. அதனால் தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகை நட்டு மறையுங்கள். தண்ணீரை மேலே ஊற்றுவதைவிட, ஒரு மண்முட்டியைக் கழுத்து வரை தாட்டு, நிரப்பி, மூடி வைப்பது நல்லது. கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளித் தாட்டால் போதும். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை நிரப்புங்கள். கசிந்து ஆழத்துக்குப் போகும், வேரும் அதைத் தேடிக் கீழே போகும். தினமும் ஒரு செம்பு மேலே ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். பூவரசம் குழையோ வைக்கோலோ போட்டு மூடுங்கள், தண்டில் படாமல் நாலு விரல் விட்டு. பட்டால் கறையான் ஏறும். மூன்றாவது கோடையில் மாதம் இரண்டு தடவை போதும். அதற்குப் பிறகு அதன் பாடு.

கட்டாக்காலி மாடும் ஆடும் சோளகத்தைவிட மோசம். பால் உள்ள இலைதானே, தின்னாது என்று நினைத்து நான் ஏமாந்திருக்கிறேன். கம்பி வலையோ முட்கொப்போ, கன்று ஆள் உயரம் தாண்டும்வரை இருக்கட்டும்.

கொப்பு வெட்டி உருவம் கொடுக்க அவசரப்படாதீர்கள். அடியில் வருகிற கொப்புகளை முதல் நாலைந்து வருடம் விடுங்கள், தண்டு பருக்க அவையும் வேண்டும். அதன் பிறகு ஆள் போய்வர ஏலுமான உயரத்துக்கு மட்டும் கீழ்க்கொப்பை எடுக்கலாம். காய்க்கத் தொடங்கியபின் பழத்துக்காகக் கொப்பை வெட்டி விழுத்துகிறவர்களை விடாதீர்கள். காட்டில் அதைச் செய்கிறார்கள், வருகிற வருடத்துப் பழமும் அந்தக் கொப்போடு போகிறது. கீழே ஒரு படங்கை விரித்துக் கொப்பை உலுப்பினால் பழுத்தது மட்டும் விழும். எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்க்காது என்பதையும் தெரிந்து வையுங்கள். ஒரு வருடம் மஞ்சளாகச் சொரியும், அடுத்த வருடம் ஒன்றும் இராது. மரத்துக்கு வருத்தமில்லை, அதன் சுபாவம் அது.

பழத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், அரைப்பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் பூசினால் விடும். மிஞ்சினால் பிழிந்து காய்ச்சிப் பாணி எடுக்கலாம், வெயிலில் காயவைத்தும் வைக்கலாம்.

உங்கள் காணி காட்டோரம் என்றால் ஒன்று யோசிக்க வேண்டும். கரடிக்குப் பாலைப்பழம் என்றால் உயிர். பழக் காலத்தில் மரத்தில் ஏறி இருந்து தின்னும். காட்டுக்குள் பழம் பொறுக்கப் போய் அடிபட்டவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். ஏ9 வீதிக்குக் கிட்ட, நாலு வீடு சூழ்ந்த காணிக்கு இந்தப் பயம் இல்லை. வேலிக்கு அப்பால் காடு என்றால், மரத்தை வீட்டுக்குப் பின்னால் இருட்டில் வைக்காமல் முன்னால் வெளிச்சத்தில் வையுங்கள், பழக் காலத்தில் விழுந்ததைப் பின்னேரமே கூட்டி அள்ளிவிடுங்கள்.

பத்துப் பதினைந்து வருடம் பிள்ளைகள் எதைத் தின்பது? பக்கத்தில் ஒரு இலந்தையும் அன்னமுன்னாவும் வையுங்கள், மூன்று நாலு வருடத்தில் கை நிறையும். இலந்தை நம் நிலத்து மரம், அன்னமுன்னா வந்தேறி என்றாலும் யாரும் அதை விரட்டப் போவதில்லை. விளாத்தி ஒன்று வைக்க இடமிருந்தால் வையுங்கள், அதுவும் மெதுதான்.

பிற்காலத்தில் எப்போதாவது மரத்தைத் தறிக்க வேண்டி வந்தால், உங்கள் காணி மரம் என்றாலும் முதலில் கிராம சேவகரிடம் போய்க் கேளுங்கள். பாலைக்கட்டையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றிக்கொண்டு வீதியில் இறங்கினால் மறிப்பார்கள்.

விதைக்கு ஆனி நடுப்பகுதியில் வாருங்கள், வரும்போது ஒரு வெறும் பேணி கொண்டுவாருங்கள். எங்கள் கோடிப் பாலை போன வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது, பதினேழோ பதினெட்டோ பழம், அதில் பாதியைக் குயில் கொண்டுபோய்விட்டது. இந்த வருடமும் அப்படியென்றால் சந்தியில் வாங்கித் தின்போம். பழம் உங்களுக்கு, கொட்டையில் பாதி எனக்கு.